நல்ல கோழியா பாத்து சாகுது

மே மாசம் ரெண்டாவது வாரம், கத்திரி வெயில், காலையில ஒம்போது மணிக்கே மண்டபம் ரோட்டுல தார் செருப்புல ஒட்டுது. அப்பதான் வேதாளை தாண்டி கடலோரமா இருக்குற ஒரு மீனவக் குடியிருப்புல இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க, "டாக்டர் தம்பி, பன்னெண்டு நாள்ல அஞ்சு கோழி போயிருச்சு, ராத்திரி நல்லா இரை எடுக்குது, விடிஞ்சு பாத்தா செத்துக் கெடக்குது"ன்னு. நான் வேற ஊர்ல ஒரு ஆட்டுக்குக் குட்டி எடுத்துட்டு இருந்தேன், போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, வெள்ளைக்கழிச்சல்ங்கிற தொத்து நோயா இருக்கும்னு மனசுல முடிவு பண்ணி, எச்சம் பச்சையா போகுதா, கழுத்து திருகுதான்னு ரெண்டு கேள்வி கேட்டேன், ரெண்டுக்கும் இல்லைன்னாங்க, ஆனாலும் தண்ணியில வைட்டமின் மருந்து கலந்து வைங்க, மத்ததைத் தனியா பிரிச்சு அடைங்கன்னு சொல்லி வச்சிட்டேன். அது தப்பு. அந்த ரெண்டு இல்லைக்கும் நான் அப்பவே மதிப்பு குடுத்திருக்கணும்.

ஞாயித்துக்கிழமை நேர்ல போனேன். அன்னைக்கு விடிகாலையில ஆறாவது கோழி செத்திருந்துச்சு, சாக்குல சுத்தி வேப்பமரத்து நிழல்ல வச்சிருந்தாங்க. வீட்டுத் திண்ணையில அந்தக் குடும்பத்து அப்பத்தா உக்காந்திருந்தாங்க, நான் பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள அவங்க சொன்னது இதுதான்: "கண்ணு பட்டுருச்சு தம்பி. நல்ல கோழியா பாத்து சாகுது. வத்தலும் சேவலும் நல்லாத்தான் இருக்கு, கொழுத்து நிக்கிறது, தினம் முட்டை வைக்கிறது, அதுதான் போகுது."

கண்ணு பட்டதுங்கிறதை விட்ருவோம். மத்த எல்லாமே சரியான கவனிப்பு, இந்தக் கேஸ்ல எனக்குக் கிடைச்ச முதல் தடயமே அந்த அப்பத்தா சொன்னதுதான், நான் அதுக்கப்பறம் பண்ணுன மொத்த வேலையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு உரை எழுதுன மாதிரிதான்.

மொதல்ல எண்ணிக்கை. சாவு ஆரம்பிக்கிறப்ப மொத்தம் 43 உருப்படி. முட்டையிடுற பொட்டை 24, அடையில உக்காந்தது 3, சேவல் 5, இன்னும் முட்டைக்கு வராத வளர்ற பருவத்துக் கோழி 11. பெரும்பாலும் கிராமப்பிரியா ரகக் குஞ்சு வாங்கி வளத்தது, நாலஞ்சு உள்ளூர் நாட்டுக்கோழி கலந்திருக்கு. செத்த ஆறும் முட்டையிடுற 24-ல இருந்து. அதுலயும் மெலிஞ்ச கோழி ஒண்ணுகூட இல்லைன்னு அக்கா அடிச்சுச் சொன்னாங்க.

எல்லாம் ஒரே கொட்டகை, ஒரே தண்ணித் தொட்டி, ஒரே தீவனம். அப்ப சேவல் ஏன் சாகலை?

தீவனம் எப்ப மாறுச்சுன்னு கேட்டேன். இங்கதான் கடல் உள்ள வருது. அக்காவோட வீட்டுக்காரர் மண்டபத்துல விசைப்படகுல போறவர். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், படகு கரையில கிடக்கும். மத்த நாள்ல அவர் வலையில ஒதுக்குற சில்லறைக் காரல், தலை, குடல், உடைஞ்ச மீனுன்னு ஒரு பை கொண்டு வருவாரு, அதை மணல்ல காயப்போட்டு இடிச்சு நொய்யோட கலந்து கோழிக்குப் போடுவாங்க, கோழியும் பகல் முழுக்கக் கரையில மேஞ்சு பூச்சி புழு பொறுக்கிட்டுத் திரியும். தடைக்காலம் வந்ததும் மீன் நின்னுருச்சு. கையில காசும் நின்னுருச்சு, அதனால முட்டைதான் வருமானம்னு ஆச்சு, ஒரு முட்டைகூட சீமைக்கருவேலங் காட்டுக்குள்ள போயிரக் கூடாதுன்னு கோழிகளைக் கொட்டகைக்குள்ளயே அடைச்சு வச்சு வயிறு முட்ட நொய் போட்டிருக்காங்க. முட்டை பெருசா வரும்னு டவுன்ல ஒரு தீவனக்கடையில யாரோ சொன்னதைக் கேட்டு, புரோட்டாக் கடையில வடிச்ச பழைய எண்ணெயும் ஒரு கரண்டி ஊத்தி இருக்காங்க. அவங்க மேல எந்தக் குத்தமும் இல்லை, கையில இருந்ததை வச்சுத் தங்களால முடிஞ்சதைப் பண்ணியிருக்காங்க.

மீன் வெட்டுற பலகையிலயே கோழியைக் கிடத்தி அறுத்தேன். கொண்டையும் தாடியும் வெளுத்து மெழுகு மாதிரி. வயித்துத் தோலைப் பிரிச்சதும் ரெண்டு விரல் தடிமனுக்கு மஞ்சக் கொழுப்பு, குடல் மேல விரிப்பு விரிச்ச மாதிரி. அதை ஒதுக்குனா ஈரல் மேல கறுத்த ரத்தக்கட்டி, இளநுங்கு மாதிரி தளதளன்னு ஆடுது. ஈரலோட வலது மடல்ல உறை கிழிஞ்சிருக்கு, அங்க இருந்துதான் ரத்தம் வயித்துக்குள்ள கொட்டியிருக்கு. ஈரல் நிறம் மஞ்சக் களிமண். விரலை வச்சா உள்ள எறங்குது. தராசுல வச்சா ஈரல் மட்டும் 78 கிராம், கோழி ரெண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் கீழ, இந்த எடைக் கோழிக்கு அது ரொம்ப அதிகம். கருப்பைப் பைக்குள்ள ஓடு கட்டுன முட்டை ஒண்ணு, இன்னும் கொஞ்ச நேரத்துல வெளிய வந்திருக்கும். சூலகத்துல அஞ்சு பெரிய மஞ்சக்கரு வரிசையா, பெருசு, அதுக்குச் சின்னது, அதுக்குச் சின்னதுன்னு. செத்த அந்தக் காலையிலயும் அந்த உடம்பு அடுத்த அஞ்சு நாளைக்கு முட்டை தயார் பண்ணி வச்சிருந்துச்சு.

இது கொழுப்பு ஈரல் ரத்தக்கசிவு நோய். முட்டைக்கோழிப் பண்ணைக்காரங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான், 1950-கள்லயே அமெரிக்காவுல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. ஆனா எனக்கு அதோட பேரு மட்டும் போதாது, கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் அந்தத் தீவனத்துல இருந்துச்சே, கடல் காத்துல ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிச்ச புண்ணாக்குல அஃப்லாடாக்சின்ங்கிற பூஞ்சை நஞ்சு இருந்தாலும் ஈரல் கொழுப்பேறி மஞ்சளாகும், அப்ப எது காரணம்?

அதுக்குப் பதில் சட்டியில இருந்து கிடைச்சது. ஞாயித்துக்கிழமைங்கிறதால வந்தவனுக்குச் சோறு போடணும்னு அக்கா வீட்டுக்கார அண்ணன் ஒரு சேவலை அறுத்துட்டாரு. நான் ஓடிப்போய் ஈரலை வாங்கிட்டு வந்தேன். கருஞ்சிவப்பு, கெட்டி, ஓரம் கத்தி மாதிரி கூர்மை. ரெண்டு எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி வாங்கி, ஒண்ணுல செத்த கோழியோட ஈரல்ல ஒரு துண்டு, இன்னொண்ணுல சேவல் ஈரல்ல ஒரு துண்டு போட்டேன். கோழித் துண்டு தக்கை மாதிரி மிதந்துச்சு. சேவல் துண்டு டக்குன்னு அடிக்குப் போயிருச்சு. அப்பத்தா எட்டிப் பாத்து, "ரெண்டும் ஒரே தட்டுல தின்னதுதானே"ன்னாங்க. ஆமா அப்பத்தா, அதுதான் விஷயமே.

பூஞ்சை நஞ்சா இருந்தா சேவலும் தப்பிக்காது, வளர்ற கோழிகதான் இன்னும் மோசமா அடி வாங்கும், ஏன்னா இளசுகளுக்கு அஃப்லாடாக்சின் தாங்குற சக்தி குறைவு. பதினொண்ணும் துள்ளிட்டுத் திரியுதுங்க. கருவாட்டு உப்பு அதிகமாகிச் செத்ததுன்னு சொல்லவும் வழியில்லை, மீன்தான் நின்னு போச்சே. எலி மருந்து தின்னு ரத்தம் கசிஞ்சிருக்குமான்னும் யோசிச்சேன், கேட்டேன், வீட்ல வைக்கலைன்னாங்க, வேற எங்கயும் ரத்தப்புள்ளியும் இல்லை.

தற்செயலா இருக்கலாமான்னும் கணக்குப் போட்டுப் பாத்தேன். 43 உருப்படியில கண்ணை மூடிட்டு அஞ்சை எடுத்தா அஞ்சுமே அந்த 24 பொட்டையில இருந்தே வர்றது நூத்துல நாலு தடவைக்குக் கொஞ்சம் கூட நடக்கும். அதாவது அஞ்சு சாவுல நான் எதையும் உறுதியா சொல்ல முடியாது. பின்னால ஏழாவது கோழியும் அதே கூட்டத்துல இருந்து போனப்ப அது நூத்துல ஒண்ணுன்னு இறங்கிருச்சு. அறுத்துப் பாத்தது இல்லாம இந்தக் கணக்கை மட்டும் வச்சு நான் பேசியிருக்க மாட்டேன், ஆனா ரெண்டும் ஒரே பக்கம் கைகாட்டுச்சு.

சரி, முட்டையிடுற பொட்டைக்கு மட்டும் என்ன ஆச்சு?

பறவைகளுக்குக் கொழுப்பு தயாராகுற அடுக்களை ஈரல்தான். பன்னிக்கு, மாட்டுக்கு எல்லாம் கொழுப்புத் திசுவே பெரும்பகுதி தயாரிச்சுக்கும், கோழிக்கு அப்படி இல்லை, சோத்துல வர்ற மாவுச்சத்தைக் கொழுப்பா மாத்துற வேலை கிட்டத்தட்ட முழுசும் ஈரல் தலையிலதான் விழுது. முதல் முட்டைக்குச் சில வாரம் முன்னாடி சூலகம் முழிச்சுக்கிட்டு ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனை ரத்தத்துல விட ஆரம்பிக்கும், வெளிய பாத்தா கொண்டை சிவக்கும், பின்பக்கம் இடுப்பெலும்பு ரெண்டும் விலகி நடுவுல ரெண்டு மூணு விரல் போற அளவு ஆகும், உள்ள பாத்தா ஈரலுக்கு ஒரு உத்தரவு போகுது: இனிமே மஞ்சக்கரு தயாரி. அந்த உத்தரவுல ஈரல் விட்டெல்லோஜெனின்னு ஒரு பெரிய புரதத்தையும், கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் பொட்டலம் கட்டுன வி.எல்.டி.எல். துகளையும் மூட்டை மூட்டையா ரத்தத்துல இறக்குது.

அந்தத் துகள் சாதாரண வி.எல்.டி.எல். மாதிரி இல்லை. சாதாரணத் துகளை வழியில தசையும் கொழுப்புத் திசுவும் ஒரு நொதியை வச்சு உடைச்சு உள்ள இருக்குற கொழுப்பை எடுத்துக்கும். ஈஸ்ட்ரோஜன் சொல்லித் தயாராகுற துகள் அளவுல பாதிக்கும் சின்னது, அது மேல ஒட்டியிருக்குற ஒரு சின்னப் புரதம் அந்த நொதியை வேலை செய்ய விடாது. நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, கரையில எந்த ஏலத்துக்கும் நிக்காம நேரா கம்பெனிக்குப் போற லோடு. அது போய்ச் சேர்ற இடம் சூலகத்துல வளர்ற மஞ்சக்கரு, அங்க வாசல்ல ஒரு ஏற்பி நின்னு உள்ள இழுத்துக்குது. ஒவ்வொரு மஞ்சக்கருவும் கடைசி ஏழுல இருந்து பத்துப் பதினோரு நாள்லதான் பெரும்பகுதி வளருது, முட்டைக்கு அஞ்சாறு கிராம் கொழுப்பு, அதுல 200 மில்லிகிராம் கிட்ட கொலஸ்ட்ரால். குஞ்சு கட்டுறதுக்கு வேணும்ங்கிறதால கோழி அதைக் குறைக்க ஒத்துக்காது, தீவனத்தை மாத்தி முட்டைக் கொலஸ்ட்ராலைப் பெருசா இறக்க முடியாம போறதுக்குக் காரணம் இதுதான்.

இது எல்லாம் புத்தகம்னு நினைச்சா, அன்னைக்கே ஒரு முட்டைக்கோழிக்கும் ஒரு சேவலுக்கும் றெக்கை ரத்தநாளத்துல ரத்தம் எடுத்து ரெண்டு குப்பியில நிக்க வச்சேன். அரைமணி நேரம் கழிச்சுப் பாத்தா சேவலோட குப்பியில மேல நிக்கிற தண்ணி வைக்கோல் நிறத்துல தெளிவா இருக்கு, பின்னால கை வச்சா விரல் தெரியுது. கோழியோட குப்பியில அதே தண்ணி பால் ஊத்துன மாதிரி கலங்கி நிக்குது, விரல் தெரியலை. அண்ணன் அதை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்தாரு. இதுல பயப்பட ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன், நல்லா முட்டையிடுற எந்தக் கோழி ரத்தமும் இப்படித்தான் இருக்கும், இதை மட்டும் வச்சு நோய்னு சொல்ற ஆளுங்க தப்பு பண்றாங்க. அதே மாதிரி முட்டைக்கோழி ஈரல் லேசா மஞ்சளா இருக்குறதும் இயல்புதான்.

அவர்தான் உடனே பிடிச்சுக்கிட்டாரு: "சினை மீன் மாதிரியா? சினை வைக்கிறப்ப சாளை உடம்புல இருக்குற நெய்யெல்லாம் முட்டைக்குப் போயி, சினை விட்டப்பறம் சப்புன்னு ஆயிரும்ல." அதேதான். மீனுக்கும் ஈரல்தான் விட்டெல்லோஜெனினைத் தயாரிக்குது, அங்கயும் உத்தரவு போடுறது ஈஸ்ட்ரோஜன்தான். ஆண் மீனுக்கு அந்த உத்தரவு வராது, ஆனா வெளிய இருந்து ஹார்மோன் போனா ஆண் மீன் ஈரலும் அதே வேலையைச் செய்யும், 1990-கள்ல இங்கிலாந்துல கழிவுநீர் கலக்குற ஆத்துல கூண்டு கட்டி வளத்த ஆண் மீன் ரத்தத்துல விட்டெல்லோஜெனின் இருந்ததைப் பாத்துதான் தண்ணியில ஹார்மோன் மாதிரி வேலை செய்யுற பொருள் கலந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. கோழியிலயும் அதே கதைதான். 1940-கள்ல அமெரிக்காவுல சேவலுக்குக் கழுத்துல செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைப் பதிச்சுக் கொழுக்க வச்சாங்க, 1959-ல அந்த ஊர் அரசாங்கம் கோழியில அதைத் தடை பண்ணுச்சு. நம்ம பக்கம் கிடாவைக் காயடிச்சுக் கொழுக்க விடுறோம்ல, அதுவும் ஒரு ஹார்மோனை எடுத்துக் கொழுப்பை மாத்துற வேலைதான், அதனால இது நம்ம ஆளுங்களுக்குப் புதுசே இல்லை.

இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். மஞ்சக்கரு வாசல்ல நிக்கிற அந்த ஏற்பி பழுதான ஒரு கோழி வம்சம் ஆராய்ச்சிக்காரங்ககிட்ட இருக்கு, ஒரே ஒரு மரபணு எழுத்து மாறுனதால ஏற்பி வேலை செய்யாது. ஈஸ்ட்ரோஜன் ஈரலை விரட்டிக்கிட்டே இருக்கும், சரக்கு ரத்தத்துல வந்துக்கிட்டே இருக்கும், உள்ள வாங்க ஆள் இல்லை, முட்டையும் இல்லை, ரத்தத்துல கொலஸ்ட்ரால் மலை மாதிரி ஏறிரும். ஆக முட்டைங்கிறது கோழிக்குக் கொலஸ்ட்ராலை வெளிய தள்ளுற வழியும்தான்.

இப்ப வைட்டமின் பக்கம், எனக்கு இந்தக் கேஸ்ல ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

ஈரல்ல தயாரான கொழுப்பு வெளிய போகணும்னா அதுக்கு உறை கட்டணும், அந்த உறையில லெசித்தின்ங்கிற ஒரு வகைக் கொழுப்பு வேணும், லெசித்தினுக்குக் கோலைன்ங்கிற வைட்டமின் மாதிரி ஒரு சத்து வேணும். முட்டைக்குள்ளயே நிறைய லெசித்தின் போயிருது. கோலைன் எங்க இருந்து வந்துச்சுன்னா மீன்ல இருந்து. உடம்பு தானே கோலைன் தயாரிக்க மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் வேணும், பி12-ம் ஒத்தாசைக்கு வேணும், அதுவும் மீன்ல இருந்துதான். நொய்யில புரதம் 8 சதவீதம் பக்கம்தான், முட்டைக்கோழிக்கு 16-ல இருந்து 18 சதவீதம் தேவை, அரிசியில பி12 சுத்தமா கிடையாது. ஆக ஏப்ரல் 15-க்கு அப்பறம் நடந்தது இதுதான்: மாவுச்சத்து கூடிப்போச்சு, ஓட்டம் நின்னு போச்சு, ஈஸ்ட்ரோஜன் அதே வேகத்துல கொழுப்பு தயாரிக்கச் சொல்லுது, பொட்டலம் கட்டுற பொருள் மட்டும் இல்லை. சரக்கு குடோனுக்குள்ளயே தேங்கிருச்சு. அதுக்கு மேல அந்தப் பழைய எண்ணெய், கெட்டுப்போன எண்ணெய் வைட்டமின் இ-யைத் தின்னுரும், தேங்குன கொழுப்பு ஆக்சிஜனேறிச் சிதையுறதைத் தடுக்க இருக்குற காவலே வைட்டமின் இ-தான். ஈரல் நைஞ்சு போயிருக்கு, வெயில்ல மூச்சு வாங்குறப்பயோ முட்டை தள்ள முக்குறப்பயோ உறை கிழியுது.

சேவலுக்கும் அதே நொய், அதே எண்ணெய். அந்த உத்தரவு மட்டும் இல்லை.

பாலூட்டியில இதே ஹார்மோன் வேற மாதிரி நடந்துக்கும், அதையும் சொல்லலைன்னா ஆளுங்க தப்பா எடுத்துப்பாங்க. எலியில கோலைன் இல்லாத தீவனம் குடுத்தா ஆணுக்குத்தான் ஈரல் சீக்கிரம் கெடும், பொட்டைக்குக் கொஞ்சம் தாங்கும், ஏன்னா ஈஸ்ட்ரோஜன் ஈரல்லயே லெசித்தினைத் தயாரிக்குற நொதியைத் தூண்டுது. வைட்டமின் கே குறைஞ்சா ரத்தம் கசியுறதும் ஆண் எலிக்குத்தான் அதிகம். கொலஸ்ட்ராலும் தலைகீழ், எலிக்கு அதிக அளவுல செயற்கை ஈஸ்ட்ரோஜன் குடுத்தா ஈரல்ல கொலஸ்ட்ராலை ரத்தத்துல இருந்து உள்ள இழுக்குற எல்.டி.எல். ஏற்பி பெருகி ரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கும்னு 1979-ல பிரவுன், கோல்ட்ஸ்டீன் குழு காட்டுனாங்க, அந்த ஏற்பியைக் கண்டுபிடிச்ச வேலைக்கு 1985-ல அவங்க ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சது. கோழியில ஏத்துது, எலியில இறக்குது. அதனால ஒரு உயிரைப் பாத்து இன்னொரு உயிருக்கு மருந்து எழுதக் கூடாது.

ரிபோஃபிளேவின், அதாவது பி2, இதுல நம்ம தென்னாட்டுக்கே ஒரு பங்கு இருக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ராதாகாந்த அடிகா குழு 1970, 80-கள்ல கோழியில இதைத் துருவித் துருவிப் பாத்தாங்க. முட்டைக்கோழி ஈரல் ஈஸ்ட்ரோஜன் சொல்லி ரிபோஃபிளேவினைத் தூக்கிட்டுப் போறதுக்குன்னே ஒரு புரதம் தயாரிக்குது, முட்டைக்கு வராத இளங்குஞ்சுக்கு ஈஸ்ட்ரோஜன் குடுத்தாலும் அந்தப் புரதம் ரத்தத்துல வந்துரும். பச்சை முட்டையை உடைச்சு வெள்ளைக்கருவை வெளிச்சத்துல பாருங்க, லேசா பச்சை கலந்த மஞ்சள் தெரியும், அது ரிபோஃபிளேவின்தான். அந்தப் புரதம் பிறவியிலயே இல்லாத கோழி வம்சமும் ஒண்ணு இருக்கு, தீவனத்துல எவ்வளவு பி2 குடுத்தாலும் சிறுநீரகம் வழியா வெளிய போயிரும், முட்டையில ஏறாது, கரு 13-ம் நாள் வாக்குல செத்துரும், முட்டைக்குள்ள ஊசியில ரிபோஃபிளேவினை ஏத்துனா பொழைக்கும். வைட்டமினைத் தட்டுல வச்சா மட்டும் போதாது, சுமக்குற ஆளை ஹார்மோன்தான் அனுப்பணும்.

வெள்ளைக்கருவுல அவிடின்னு ஒண்ணு இருக்கு, அது பயோட்டின்ங்கிற பி வைட்டமினை இறுக்கிப் பிடிச்சுக்கும், பச்சை வெள்ளைக்கரு நிறைய திங்கக் கூடாதுன்னு சொல்றது அதனாலதான். ஈஸ்ட்ரோஜன் பழக்கி வச்ச முட்டைக்குழாயில புரோஜெஸ்டிரோன்ங்கிற இன்னொரு ஹார்மோன் வந்துதான் அவிடினைத் தயாரிக்கச் சொல்லுது. வைட்டமின் டி-யும் இதே கதைதான், சிறுநீரகத்துல அதை வேலை செய்யுற வடிவத்துக்கு மாத்துற நொதியை ஈஸ்ட்ரோஜன் கூட்டுது, குடல்ல சுண்ணாம்பு உறிஞ்சுறது கூடுது, எலும்புக்குள்ள ஒரு தற்காலிகச் சுண்ணாம்புக் கிடங்கு உருவாகுது, ஒரு ஓட்டுக்கே ரெண்டு கிராம் கால்சியம் வேணுமே. இந்த வீட்ல கிளிஞ்சல் தூள் எப்பவும் கிடந்ததால ஓடு நல்ல கெட்டி, அந்தக் கவலை எனக்கு இல்லை.

அடையில இருந்த மூணும் சாகலைங்கிறதை முதல்ல நான் பெரிய சாட்சியா நினைச்சேன். அடைக்கு உக்காந்தா சூலகம் சுருங்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும், ஈரலுக்கு ஓய்வு. பொட்டைதான், ஆனா உத்தரவு இல்லை, அதனால பொழைச்சுது. ஆனா அடைக்கோழி இரையும் கால்வாசிதான் எடுக்கும், அதனாலயும் பொழைச்சிருக்கலாம், மூணு உருப்படியை வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது. சேவல்தான் நல்ல சாட்சி, அது வயிறு முட்டத் தின்னுச்சு.

சிகிச்சைக்கு வர்றேன். எண்ணெயை அன்னைக்கே கொட்டச் சொன்னேன். நொய்யைப் பாதியாக்கி, மீதிக்குத் தவிடும் புது கடலைப் புண்ணாக்கும், நாட்டுப்படகுக்காரங்ககிட்ட வாங்குன காரல் கருவாட்டை ரெண்டு தண்ணியில அலசி உப்பை இறக்கிக் காயவச்சு இடிச்சதும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லைங்கிறதால கொஞ்சமாச்சும் கிடைச்சது. கோழிக்கு ஒரு நாளைக்கு 100, 110 கிராமுக்கு மேல வேண்டாம், காலையில பாதி சாயங்காலம் பாதி. மதியம் மூணு மணிக்கு மேல வெளிய விட்ருங்க, ரெண்டு முட்டை காட்டுக்குள்ள போனாலும் போகட்டும்னேன், அதுக்கு அக்கா முகம் வாடுச்சு, எனக்கும் கஷ்டமாதான் இருந்துச்சு, தடைக்காலத்துல ரெண்டு முட்டைன்னா ரெண்டு முட்டைதான். அகத்திக்கீரை முருங்கைக்கீரை தினம். 100 கிலோ தீவனத்துக்கு 100 கிராம் கணக்குல கோலைன் குளோரைடு, கூட வைட்டமின் இ, பி12.

கோலைன் குளோரைடு பத்தி ஒரு வார்த்தை, கடலோரத்துல இருக்குறவங்க கவனிக்கணும். அது காத்துல இருக்குற ஈரத்தை அப்படியே குடிக்கும். நான் கொண்டு போன பொட்டலத்தைக் கத்தரிச்சு ஜன்னலோரம் வச்சிட்டுக் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள தூள் பிசுபிசுன்னு கட்டியாக ஆரம்பிச்சிருச்சு. மத்த வைட்டமின் தூளோட இதை முன்னாடியே கலந்து வச்சா அதுங்களையும் கெடுத்துரும். அதனால தனி டப்பாவுல, மூடி இறுக்கி, அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் கலக்கணும்.

மருந்து ஆரம்பிச்ச ஒம்போதாம் நாள் ஏழாவது கோழி செத்துச்சு. அதுக்கு ஈரல் முன்னாடியே கிழியுற நிலையில இருந்திருக்கும், கோலைன் கிழிஞ்சதைத் தைக்காது. நான் போன்லயே முடிவு பண்ணாம முதல் அழைப்பு வந்த அன்னைக்கே கிளம்பியிருந்தா இது பொழைச்சிருக்குமோன்னு இன்னைக்கும் நினைச்சுக்கிறேன். அதுக்கப்பறம் சாவு இல்லை. முட்டை முதல்ல குறைஞ்சுது, முன்னாடி தினம் 17, 18 வந்த இடத்துல ஒரு கட்டத்துல 9-தான் வந்துச்சு, அக்கா போன் பண்ணி மருந்தை நிறுத்தவான்னு கேட்டாங்க, வேண்டாம்க்கா பொறுங்கன்னேன்.

ஜூன் கடைசியில மறுபடியும் போனேன். படகு கடலுக்குப் போயிருச்சு, வாசல் மணல்ல காரல் வெள்ளி வெள்ளியா காயுது. மிச்சம் 17 முட்டைக்கோழியில தினம் 12 முட்டை. சேவலுக்கு ஒரு சட்டி, பொட்டைக்கு ஒரு சட்டின்னு அக்கா தனித்தனியா வச்சிருந்தாங்க, நான் சொல்லாமலே. அப்பத்தா ஒரு கோழியைப் பிடிச்சுக் கையில நிறுத்துப் பாத்து, "கனம் இறங்கிருச்சு, சுறுசுறுப்பு ஏறிருச்சு"ன்னாங்க. முந்தின நாள் தெருநாய் கடிச்சதுல ஒரு முட்டைக்கோழியை அறுக்க வேண்டியதாப் போச்சுன்னு சொல்லி, அதோட ஈரலை எனக்காக எடுத்து வச்சிருந்தாங்க. அதே எவர்சில்வர் டம்ளர். துண்டு தண்ணியில கொஞ்சம் தயங்குச்சு, அப்பறம் மெதுவா இறங்கி அடியில சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நிறம் இன்னும் லேசா மஞ்சதான்.